மூக்கு நீண்ட ஒன்று

பெலிக்ஸ் என்று பெயர் அந்த எந்திரத்துக்கு.
இரும்பு உடம்பு, ஒரு கைப்பிடி.
பூஜ்ஜியத்துக்குக் கீழே எண் இறங்கினால்
டிங் என்று மணி அடிக்கும்.
பதினெட்டு வருஷம் சுற்றினேன்.
வலது தோள் இடதைவிடத் தடித்துவிட்டது;
தையற்காரி ஸோயா அளவெடுக்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

லெவோன் அர்ஷாகோவிச்சுக்குச் சமன்பாடு வரும்.
கூட்டல் வராது.
ரொட்டிக்கடையில் மீதிச் சில்லறையை
எண்ணாமல் கோட்டுப் பையில் கொட்டிக்கொள்வார்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
கைகழுவும் குழாயில் தொங்கிய துளியைக் காட்டி,
"அணுக்கருவும் இப்படித்தான், கபிதோலினா சாவிச்னா.
ஏன் இரண்டாகும் என்று நான் சொல்வேன்.
எப்போது என்று நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார்.
அதற்குள் அது சொட்டிவிட்டது.

வோல்காக் கரைக்கு வருமுன்
அவர் இருந்த ஊருக்குப் பெயர் கிடையாது,
தபால்பெட்டி எண் மட்டும்.
அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.
தெரிந்ததை எதற்குக் கேட்பது?
அங்கே கொடுத்த பதக்கத்தை
ஆடும் மேஜைக்கால் அடியில் செருகியிருந்தார்.
ஆகஸ்டில் ஒருநாள் மட்டும்
மேஜை ஆடினால் ஆடட்டும் என்று
அதை எடுத்து ஜன்னலில் வைப்பார்.
மறுநாள் பழைய இடத்துக்குப் போய்விடும்.

அறுபத்து நான்கில்
எவரும் கண்டிராத ஒரு கனத்த தனிமத்துக்கு
நாங்கள் ஆயுள் கணித்தோம்.
பதினோரு வருஷம்.
கோபன்ஹேகனிலிருந்து அழைப்பு வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை.
கீழ்த்தளத்து ஆட்கள் தகட்டைக் குண்டுகளால் துளைத்து
அவசரமில்லாமல் காத்திருந்தார்கள்.
பதினோரு வருஷம் வாழப்போகிறதே!
மூன்று மாதம் கழித்து எண்ணியை வைத்தால்
ஒரு சத்தமும் இல்லை.

உப்சாலாவிலிருந்து ஒரு பையன் எழுதினான்,
மிக மரியாதையாக:
பதினேழாம் வரியில் தடையின் உயரம்
ஆறு புள்ளி ஏழா, ஆறு புள்ளி ஒன்றா?

என் ஒன்றுக்கு மூக்கு நீளம்.
பள்ளிக்கூடத்திலேயே அதற்கு அடி வாங்கியிருக்கிறேன்.

இரவெல்லாம் சுற்றினேன்.
பதினோரு வருஷம் இரண்டு நாளாகச் சுருங்கியது.
கீழே அவர்கள் காத்திருந்தபோதே
அது பிறந்து செத்திருக்கலாம்.
பிறக்காமலும் இருந்திருக்கலாம்.
வாய் திறந்தேன்.
அவர் தேநீரில் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டே
"தாளில் மை தீர்ந்துவிட்டதா பாருங்கள்" என்றார்.

திருத்தம் மூன்று வரியில் வந்தது.
பிழை என்னுடையது, லெ. அ.
அந்த வருஷம் அகாதெமித் தேர்தலில்
நான்கு வாக்கில் தோற்றார்.
வாழ்த்தத் தயாராய் வாங்கிய கேக்கை
நாங்கள் வெட்டித்தான் தின்றோம்; அவருக்கு இரண்டு துண்டு.

எண்பத்தொன்று பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.
மண் உறைந்து கிடந்ததால்
குழி வெட்டத் தீ மூட்ட வேண்டியிருந்தது.
குறிப்பேடுகளை அடுக்கும் வேலை எனக்கு.
பதினேழாம் வரி அவர் கையெழுத்தில், ஏழு.
ஓரத்தில் பென்சிலால்:
"க. சா.வின் ஒன்று. மூக்கைக் கவனி."

முன்பு எழுதியதா, பின்பா?
தேதி போடும் பழக்கமே அவருக்கில்லை.

போன வாரம் கிடங்கில் பெலிக்ஸைத் தேடி எடுத்தேன்.
எண்ணெய் காய்ந்திருந்தது, பிடி நகர மறுத்தது.
ஆறு புள்ளி ஒன்றை வைத்து
ஆறு புள்ளி ஏழைக் கழித்தேன்.

மணி அடித்தது.