ஐம்பத்தெட்டு

காலை ஆறு பத்து பேட்ச்.
செம்பூர் நகராட்சிக் குளத்தில்
குளோரின் தொண்டைக்குள் இறங்குமுன்
எண்ணத் தொடங்கிவிடுவேன்.
எதிர்ச்சுவரைத் தொடும்போது ஐம்பத்தெட்டு.
திரும்பி வருகையில் அறுபதையும் தாண்டும்,
அதைக் குறித்துக்கொள்வதில்லை.

அடுத்த லேனில் உஜ்வலா கார்கானிஸ்
முப்பத்தொன்பதில் வந்து நிற்கிறாள்.
என்னைவிட இரண்டு விரற்கடை குட்டை.
மூச்சு வாங்கவில்லை.
தொப்பிக்குள் முடியைச் செருகியபடி
வெண்டைக்காய் விலை பேசுகிறாள்.

நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.
பத்தொன்பது கைவீச்சு எங்கே போயிற்று என்று
தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

வவுச்சர் வவுச்சராகப் பார்த்தேன்.
மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போதெல்லாம்
இடுப்பு மூழ்குகிறது. அங்கே ஆறு.
வலது கை நடுக்கோட்டைத் தாண்டி
இடப்பக்கத்து நீரில் போய் விழுகிறது. நான்கு.
கால்கள் நீந்தவே இல்லை,
வாசலில் நின்று செருப்பை உதறுகின்றன. ஐந்து.
மீதி நான்கு
கணக்கில் வரவில்லை.

முஷ்டியை மூடிக்கொண்டு
நான்கு நாள் நீந்தினேன்.
பக்கத்து லேன் பையன்கள் சிரித்தார்கள்.
உள்ளங்கை இல்லாதபோதுதான்
முழங்கையை உயரத்திலேயே நிறுத்தத் தோன்றியது.
மணிக்கட்டிலிருந்து முட்டி வரைக்கும்
ஒரு துடுப்பு
இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறது.
ஐந்தாம் நாள் விரல்களைத் திறந்தேன்.
தண்ணீரில்
பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

தோளைத் திருப்புவது மட்டும் வரவில்லை.
வந்தது குளத்தில் அல்ல.
குர்லாவில், எட்டு நாற்பத்திரண்டுக்கு,
பெண்கள் பெட்டியில்.
வாசல் கம்பிக்கும் நிற்கிற கூட்டத்துக்கும் நடுவே
எவளாலும் நேராகப் போக முடியாது.
ஒரு தோள் முன்னே போகும்,
இடுப்பு கேட்காமலே கூட வரும்,
ஒருக்களித்த உடம்பு
இரண்டு டிபன் பைகளின் இடுக்கில்
வழுக்கி உள்ளே போய்விடும்.
பதினெட்டு வருடமாகச் செய்கிறேன் இதை.
நீரிடம் மட்டும் ஏன்
மார்பை விரித்துக்கொண்டு மோதினேன்?

மறுநாள் ஐம்பது.
தீபாவளிக்குள் நாற்பத்தாறு.
அப்புறம் பேராசை.
டிசம்பரில் ஒரு நாள் முப்பத்தேழு!
கார்கானிஸிடம் சத்தமாகவே சொன்னேன்.
அவள் பதில் சொல்லாமல்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐம்பத்தெட்டில் போனபோது
ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி.
முப்பத்தேழில்
ஒரு நிமிடம் இருபது.
கையை நீட்டி நீட்டி மிதந்து
ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் நின்றுவிட்டிருக்கிறேன்,
சிக்னல் விழாத லோக்கல் மாதிரி.
நின்றதை மறுபடி கிளப்பத்தான்
அத்தனை மூச்சும் போயிருக்கிறது.

செலவைக் குறைத்ததாகக் காட்டும் அலுவலகங்களை
எனக்குத் தெரியும்.
விளக்கை அணைத்திருப்பார்கள்,
கூடவே ஃபைலையும் நிறுத்தியிருப்பார்கள்.
பச்சை மையில் அவர்களுக்கு
எத்தனை ஆட்சேபம் எழுதியிருக்கிறேன்!

இப்போது இரண்டையும் எழுதுகிறேன்,
எண்ணிக்கை ஒரு பத்தியில், நொடி ஒரு பத்தியில்.
ஒரு கை விடுவதற்கும்
மறு கை பிடிப்பதற்கும் இடையில்
ஒரு தாள் நுழையும் அளவுக்கே இடம் விடுகிறேன்.
நீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிடுகிறேன்.
ஒரு காது மட்டும் ஈரத்தில் படுத்திருக்க
வாயின் ஓரத்தால்
செம்பூரின் புகைக்காற்றில் கொஞ்சம்.

நாற்பத்துமூன்று.
ஒரு நிமிடம் நான்கு.

லைஃப்கார்டு தாண்டேல் விசில் ஊதுகிறான்,
பேட்ச் முடிந்தது.
ஏணியில் ஏறும்போது கழித்துப் பார்க்கிறேன்.
ஆறும் நான்கும் ஐந்தும் திரும்பி வந்துவிட்டன.
அந்த நான்கு
இன்னும் கார்கானிஸிடம்தான் இருக்கிறது.
துவட்டிக்கொண்டே அவள் கேட்கிறாள்,
இன்றைக்கு முருங்கைக்காய் என்ன விலை?
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
பக்கத்தைத் திருப்புகிறேன்.