கோயில் போக மீதி

ஹரெகுவின் நிலத்தில் ஏர் இறங்கினால்
முதலில் கல்தான் வாய் திறக்கும்.
கொழு முட்டும் சில்லுகளில்
வரிவரியாய் உளித்தழும்பு.
ஆறு உருட்டி வந்த கல் இல்லை,
யாரோ வெட்டி எறிந்தது.

மேலே, கெரால்தா மலையின் சிவந்த வயிற்றுக்குள்
மரியாமின் கோயில்.
ஆறு தூண், மூன்று வளைவு, எல்லாம் ஒரே கல்.
கட்டியவர் என்று எவருமில்லை.
வேண்டாததைக் கழித்தார்கள்.
விதானம்தான் முதலில் பிறந்தது,
தரை கடைசியில்.
அதுவரை பாதி மலைமேல் நின்றுகொண்டே
குடைந்திருக்கிறார்கள்.

கழித்ததெல்லாம் எங்கே?

மெக்கெலேயிலிருந்து அளவு நாடாவோடு வந்தவன் நான்,
மூன்று நாள் இதே கேள்வியோடு அலைந்தேன்.
தேவதூதர்கள் அள்ளிப் போனார்கள் என்றார்
பாதிரியார் கெப்ரெமெஸ்கெல்.
தெஃப் புடைத்தபடி ஹரெகு கேட்டாள்:
"என் வயலில் கொட்டியது எந்தத் தூதன்?
பேர் சொல்லுங்கள்,
உடைந்த கொழுவுக்குக் காசு கேட்க வேண்டும்."

சரிவெங்கும் கிடந்தது கோயில்,
உள்ளை வெளியாகத் திருப்பி
உலர்த்திய சட்டைபோல.
வளைவுக்குள் இருக்கும் காற்று
இங்கே வரப்பு.
திரைக்குப் பின்னால்
அவள் கால் வைக்கக் கூடாத அறை இருக்கிறதே,
அதன் வெறுமை மொத்தமும்
கீழ்மூலையில் மேடாகக் குவிந்திருக்கிறது.
அங்கே அவள் வெங்காயம் நடுகிறாள்.

நான்காம் தூணில், நெஞ்சுயரத்தில், ஒரு பள்ளம்.
உளி வழுக்கிய ஏதோ ஒரு காலை.
கல்லில் அடித்து எழுத முடியாது.
வலியோடு வருகிறவர்கள்
நேரான ஐந்து தூண்களை விட்டுவிட்டு
அந்தப் பிழையில்தான் நெற்றி வைக்கிறார்கள்.
நெற்றி பட்டுப் பட்டு
கறுத்து மினுங்குகிறது.

கோழிக்கூட்டின் பக்கத்தில்
தண்ணீர் ஏந்திய ஒரு கல்.
குனிந்து அதன் முதுகைத் தடவினேன்.
தூணின் வளைவு.
நான் சொல்லவில்லை, அவளே
தண்ணீரைக் கொட்டினாள்,
நெட்டேலாவில் பொதிந்து
பிள்ளையைக் கட்டுவதுபோல் முதுகில் கட்டி
மலை ஏறினாள். நான்தான்
வழியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

பாதிரியார் மெழுகுத்திரி பிடித்தார்.
பள்ளத்தில் வைத்தோம்.
பொருந்தியது.
ஓர் ஓரத்தில் மட்டும் விரல் நுழையும் இடுக்கு,
எத்தனையோ தலைமுறைக் கோழிகள்
கொத்தித் தேய்த்த இடம்.

யாரும் பேசவில்லை.
மெழுகு பாதிரியாரின் கட்டைவிரலில் சொட்டியது.
கையை எடுத்தால் கல் விழும்.
எடுக்காமல் எத்தனை நேரம்?
சிமெண்ட் என்று நான் வாயெடுப்பதற்குள்
ஹரெகு அதை இறக்கிவிட்டாள்.
"வெயில் ஏறுகிறது,
கோழிக்குத் தண்ணி வைக்கணும்."

அவள் இறங்கிப் போனபின்
பாதிரியார் பள்ளத்தில் நெற்றி வைத்தார்,
பிறகு துடைத்துப் பார்த்தார்.
ஈரம்.
ஒரு சிறிய வெள்ளை இறகும்.