கட்டையின் சத்தம்

ஸ்டூலின் அகலம் நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
தையல் டேப்பால் மூன்று முறை அளந்துவிட்டேன்.
ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் பிரிட்ஜ்,
நடுவில் நானும் லேப்டாப்பும்.
தண்டையார்பேட்டையில் இந்த வாடகைக்கு
இசைக்கென்று மிஞ்சுகிற இடம் அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பது கட்டை என்றால்
பிரிட்ஜ் கதவு திறக்காது.
அறுபத்தொன்று என்றால்
எபினேசர் ஒரு வாரத்துக்கு வாய் திறக்கமாட்டான்.

ஸ்கேன் சென்டரில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு
மவுண்ட் ரோட்டில் அந்த மாடிக் கடைக்கு ஏறினேன்.
தஸ்தகீர் மூன்று பெட்டிகளைப் பிரித்து வரிசையாக வைத்தார்.
"இது இருபத்தஞ்சு, இது முப்பத்திரண்டு, இது முப்பத்தேழு.
நீங்க என்ன வாசிப்பீங்க மேடம்?"

என்னவென்று சொல்ல.
ஜெல் தடவிய வயிறுகளைப் பார்த்து
நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்:
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
இழுக்க இரண்டு, பிடித்து விட மூன்று.
நாற்பதாவது ஆள் எழுந்து போகும்போது
அது தலைக்குள் தானாக ஓடத் தொடங்கியிருக்கும்.
வீட்டுக்கு பஸ்ஸிலும் ஓடும்.
அரிசி களையும்போதும் ஓடும்.

"சத்தம் எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றேன்.
சிரித்தார்.
"இதுக்குன்னு சொந்தமா சத்தம் கிடையாதே மேடம்,
எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

தெரியும்.
நான் கேட்டது அந்தச் சத்தமில்லை.
ஹெட்போன் பாட்டை என் காதோடு வைத்துக்கொள்ளும்,
பிளாஸ்டிக்கை யார் பிடித்து வைப்பது?
விரல் பட்டதும் டக்கென்று அது போடுகிற சத்தம்
ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கும் ரூபனுக்குத்தான் முதலில் கேட்கும்.
கனவின் நடுவிலும்
சாக்லேட் கவர் பிரிகிற ஓசைக்கு எழுந்து உட்காருகிற பிள்ளை.

"ஏசியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

நிறுத்தினார்.
ஓரத்தில் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்த பையனும்
கையை நிறுத்தினான்.
கீழே ஒரு பஸ் ஹாரன், அதுவும் ஓய்ந்தது.
ஒயர் எதுவும் செருகாத மூன்று ஊமைகளில்
ஒவ்வொன்றாக வாசித்தேன்.

முதலாவது, டப்பாவில் சோழி குலுக்கியது.
முப்பத்தேழு, தாலுகா ஆபீஸ் டைப்ரைட்டர்.
நடுவில் இருந்தது மட்டும்
யாரோ பக்கத்து சீட்டில் நகம் கடிப்பது போல.
தஸ்தகீர் காதைச் சாய்த்துக் கேட்டார்,
தர்பூசணியைத் தட்டி வாங்குகிறவர் மாதிரி.

ஸ்வரம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
கிட்டார் பையன் தலை நிமிர்ந்தான்.
"அக்கா, அஞ்சு அஞ்சா போகுதில்ல?"

கை நின்றுவிட்டது.
பத்து வருஷமாக எனக்குள் ஓடுவதை
பிளாஸ்டிக் சத்தத்தை மட்டும் வைத்து
ஒருவன் எண்ணிவிட்டான்.
"ஆமாம்" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை.
தஸ்தகீர் ஏசியைத் திரும்பப் போட்டார்.

முப்பத்திரண்டையே எடுத்தேன்.
குறைகள் எனக்குத் தெரியாமல் இல்லை.
கட்டைகள் சின்னது, என் சுண்டுவிரலுக்கே நெருக்கடி.
கீழ் ஸ்தாயிக்கு இறங்க ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்,
சென்ட்ரலில் மெட்ரோ மாறுவது போல,
அதற்குள் பாதி யோசனை பிளாட்பாரத்திலேயே நின்றுவிடும்.
காந்தாரத்தை அசைக்கச் சக்கரம் கிடையாது,
தொட்டுத் தேய்க்க ஒரு பட்டை.
கட்டைவிரல் வியர்த்தால் அதுவும் கேட்காது,
மே மாதம் என்ன செய்வேனோ.

பில் போடும்போது பத்து சதவீதம் கேட்டேன்.
ஐந்து கிடைத்தது.

ராத்திரி பன்னிரண்டே முக்கால்.
ஸ்டூலில் நான்கு சென்டிமீட்டர் மிச்சம்.
இழு இழு, பிடி பிடி விடு.
ரூபன் அசையவில்லை.
கால் மட்டும் போர்வைக்கு வெளியே வந்தது.

காலை ஷிப்ட்டுக்குப் படுத்திருந்த எபினேசர்தான்
கண்ணைத் திறக்காமல் கேட்டான்:
"மழையா?"

ஹெட்போனில் ஒரு காதை விலக்கிக்கொண்டு
"இல்ல, தூங்கு" என்றேன்.

"மாடியில துணி கிடக்கு" என்றான்,
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே.
நான் இன்னும் மெதுவாகத்
தூற ஆரம்பித்தேன்.