ஈரக் கழிவு

பச்சைத் தேயிலை மூட்டை ஒன்றுக்கு
வெயில் நாளில் ஒரு கிலோ கழிப்போம்,
மழை நாளில் மூன்று.
ரசீதில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: ஈரம்.
பதினோரு வருஷமாய்
அந்தக் கட்டத்தை நிரப்புகிறவள் நான்.

மஞ்சூரைத் தாண்டி, குந்தாவுக்கு இறங்கும் சரிவில்
எங்கள் ஃபேக்டரி.
நாவலையும் அங்கேதான் எழுதினேன்,
லாரி வராத மதியங்களில்,
தீர்ந்துபோன ரசீதுப் புத்தகங்களின் பின்பக்கத்தில்.
எழுதிய தாள் இங்கே இரண்டு நாளில் வளையும்.
மூன்றாம் நாள் மை
தன் எழுத்தை விட்டு வெளியே நடக்கும்.
ட்ரையர் பக்கம் பலகை போட்டுக்
காயவைத்து அடுக்கினேன்.
ட்ரையர் ஓட்டும் செபஸ்தி எட்டிப் பார்த்து,
'இது என்ன கிரேடு, டஸ்ட்டா?' என்றார்.

கதையில் ஒருவன் மலையிறங்கிப் போக வேண்டும்.
அவனை வாசலுக்குக் கொண்டுவரவே
எனக்கு ஒரு தென்மேற்குப் பருவம் முழுதும் ஆயிற்று.
செருப்பு மாட்டுவான்.
நான் மழையை எழுதுவேன்.
செருப்பைக் கழற்றிவிடுவான்.

ஊட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு இருபது ரூபாய் கொடுத்து டைப் அடித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தபால் ஆபீஸ் தராசில் இரண்டு கிலோ நாற்பது கிராம்.
முள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
என் கண்ணுக்குத் தப்பாது அது.
சொல்லவில்லை.

புரட்டாசியில் போனது, வைகாசியில் திரும்பியது,
ஈரோட்டுப் பதிப்பாளர் வேதமாணிக்கத்தின்
அரைப் பக்கக் கடிதத்தோடு.
'நல்ல நாவல். ஆனால் அறுபது பக்கம் வெறும் மழை.
கழித்துவிட்டு அனுப்புங்கள்.
காகிதம் விற்கிற விலை தெரியுமல்லவா.'

கழித்துவிட்டு.
யாரிடம் வந்து சொல்கிறார் இந்த ஆள்!

போன வருஷம் ஆடியில் ஒரு நாள்
மாதி மூட்டையை இறக்கிவிட்டு
ரசீதைப் பார்த்தாள். மூன்று.
'இந்தத் தண்ணியையும் நாந்தானே
சுமந்துட்டு வந்தேன்' என்றாள்,
என்னிடம் இல்லை, ரசீதிடம்.
நான் அடுத்த மூட்டையைக் கூப்பிட்டேன்.
அன்று ராத்திரியே எழுதிவிட்டேன் அந்த வாக்கியத்தை,
வேறொரு பெண்ணின் வாயில் வைத்து,
ஒரு எழுத்தும் கழிக்காமல்.
இருநூற்றுத் தொண்ணூற்று நாலாம் பக்கம்.
சிவப்புக் கோடு விழுந்த அறுபதில் அதுவும் ஒன்று.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.
முதல் இருபது பக்கத்தை
அவர்மேல் இருந்த கோபத்தில் கிழித்தேன்.
மறுபடி படித்தால்
அவன் செருப்பு மாட்டுகிறான்,
அடுத்த வரியில் பஸ்ஸில் இருக்கிறான்.
எரிச்சலாய் இருந்தது, மனுஷர் சொன்னது சரி.
அடுத்த முப்பத்தெட்டு சீக்கிரமாகவே போயின.

மிச்சம் இரண்டு.
அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து
'ஐயா, அந்தத் தண்ணியையும் நான்தான் சுமந்து'
என்பதுவரை எழுதியபின்
பேனாவை மூடினேன்.
நான் எங்கே சுமந்தேன்?
நான் தராசுக்கு இந்தப் பக்கம்
நாற்காலியில் இருந்தேன்.
வேறு தாள் எடுத்து
'294, 295 இருக்கட்டும்' என்று மட்டும் எழுதினேன்.

இருக்கிறதாம். ஜனவரியில் புத்தகம்.
எனக்கு ஐந்து பிரதி,
அதற்குமேல் வேண்டுமென்றால் முப்பது சதவீதக் கழிவு.
(அங்கேயும்.)
மாதி பத்தாவது வரை படித்தவள்.
ஒன்று கொடுக்கலாம்.
அச்சில் அது எத்தனையாம் பக்கமாகுமோ,
அதுவரை படிப்பாளோ,
படித்தால் என்ன கேட்பாளோ.

இன்று காலையிலிருந்து விடாத சாரல்.
அவள் மூட்டை நாற்பத்தொரு கிலோ.
சாக்கின் மூலையிலிருந்து
சிமென்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
முதலாளி பின்னால் நின்றிருந்தார்.
கட்டத்தில் மூன்று என்று போட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
எழுதியிருப்பேன்.