பொழி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஷெர்லினின் டிடிபி கடையில்
என் ஆய்வேட்டின் நான்காம் இயல்
பாதி வெந்து கிடக்கிறது.

'நவீன உலகில்' என்று தொடங்கியிருந்தேன்.
இந்த வாரத்தில் இது ஏழாவது நவீன உலகம்
என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
பிழை திருத்தப் பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
கேள்விக்குக் காசு வாங்குவதில்லை.

'மணல்திட்டு உடைக்கப்பட்டது.'
ஆரு உடச்சது?
மேலே வயல் முங்கின எட்டுப் பேர்.
நடுராத்திரி. மம்பட்டியோட.
அத எழுதலாமில்லா?

'நீர்மட்டம் உயர்ந்தமை அவதானிக்கப்பட்டது.'
ஆரு பாத்தது?
நான்தான்.
பொறவு எதுக்குட்டி ஒளிஞ்சு நிக்கே?

நான்கு ஐப்பசி
மணக்குடிப் பொழிமுகத்தில்
இடுப்பளவு நீரில் அளவுகோல் பிடித்து நின்றவளை
முந்நூறு பக்கத்தில் எங்கும் காணோம்.
அவளுக்கு முன்னால்
நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்
குடை விரித்து நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கம். பத்து நிமிடம்.
ஒத்திகைக்கு நாற்பத்து மூன்று ஸ்லைடு கொண்டுபோனேன்.
ஒவ்வொன்றையும் திரை பார்த்து வாசித்தேன்.
ரப்பர் பாலில் ஆய்வு செய்யும் அஜின்
கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான்:
உன் முதுகுக்கு முனைவர் பட்டம் கொடுத்திரலாம்.

அன்றிரவு முப்பத்தேழைக் கொன்றேன்.
காலை, கீழமணக்குடி பஸ்ஸில்
மீதி ஆறையும் முணுமுணுத்தபடி வந்தேன்.
ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்து
சில்லறையை மெதுவாக நீட்டினார் கண்டக்டர்.

மேடையில் முதல் வாக்கியம் தொண்டையில் திட்டுக் கட்டியது.
இரண்டாவதில் நீர் கசிந்தது.
மூன்றாவது எப்போது வந்ததென்று தெரியாது,
விடியற்காலை மூன்று நாற்பதுக்கு மணல் சரிந்ததையும்
என் செருப்பு ஒன்று கடலுக்குப் போனதையும்
சொல்லிக்கொண்டிருந்தேன்.
மணி அடித்தது. நான் அப்போதுதான்
மூன்றாம் ஸ்லைடில் இருந்தேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கேள்வி:
போன வருடம் அதே மழை, அதே நீர்மட்டம்.
மம்பட்டி வந்தும் திட்டு ஏன் உடையவில்லை?
'மேலும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன'
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
தெரியவில்லை என்றேன்.
அங்கேதான் நின்றேன், ஐந்து நாள்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
அறையில் யாரோ பேனாவைத் திறக்கும் சத்தம்.

அடுத்த வாரம் வழிகாட்டி
'நான்' வந்த இடமெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு
'ஆய்வாளர்' என்று மாற்றச் சொன்னார்.
மாற்றினேன்.
முப்பத்தொரு இடம்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று,
இருநூற்று நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.

ஷெர்லின் அதில் சுட்டியை நிறுத்தினாள்.
கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தாள்.
பிறகு பைண்டிங் என்ன நிறம் என்று கேட்டாள்.