வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?

குமாஸ்தா தலை நிமிரவில்லை.
மசிக்கூட்டில் பேனாவைத் தோய்த்தபடி
"வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?" என்றார்.
எனக்கு முன்னால் காட்பாடிக்காரி, இடுப்பில் குழந்தை.
அவளுக்கு முன்னால் கம்மவான்பேட்டையிலிருந்து நான்கு பேர்.
எல்லாருக்கும் இதே கேள்வி.
எல்லாரிடமும் பதில் இருந்தது.

"வீட்டுக்காரர் இல்லை."
"அடடா. எங்கே, பர்மாவிலா?"
"நான்தான் போனேன்."

ஒரு சொட்டு மசி காகிதத்தில் விழுந்தது.
ஒற்றுத்தாளைத் தேடினார், வெகுநேரம்.

பெயர் சீயோன்மணி. ஊர் பேர்ணாம்பட்டு.
அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை அவருக்கு.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

திமாப்பூர்க் கூடாரத்தில், அரிக்கேன் வெளிச்சத்தில்,
ரத்தம் வற்றிய கையில் நரம்பு கிடைக்காது.
சித்திரையில் பாலாற்று மணலைத் தோண்டுகிற மாதிரி
விரலால் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி,
ஈரம் தட்டுகிற இடத்தில் ஊசி.
எங்கே கற்றாய் என்று கேட்டார் ஒரு மேஜர்.
ஆற்றில், என்றேன்.
வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

வீங்கிய கால்களிலிருந்து பூட்ஸை வெட்டித்தான் எடுப்போம்.
ஒரு மழை இரவில் கத்தி இறங்கியபோது
சீழ் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை:
ஆவாரம்பட்டை.
தோல் மண்டியில் அம்மா உலக்கை போட்டு இடித்த பட்டை.
அவள் சேலையில், சோற்றில்,
என் பின்னலில்கூட இருந்த வாடை.
நாளுக்கு ஆறணா.
அவள் எந்த ரெஜிமெண்ட்?

வெட்டிய பூட்ஸை உடனே கீழே போட முடியவில்லை.
ஆர்டர்லி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பள்ளிகொண்டாப் பையன் ஒருவன், சாப்பர்ஸ்,
என் தமிழைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.
"சிஸ்டர், பாலாத்துல தண்ணி வந்துச்சா?"
வீட்டிலிருந்து கடிதம் வந்து நாலு மாதம்.
"ரெண்டு கரையும் தொட்டு ஓடுதாம்," என்றேன்.
விடிவதற்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொருவன் வந்துவிட்டான்.

குமாஸ்தா கடைசியில்
'கணவர்' என்ற அச்செழுத்தை அடித்தார்.
அதன் மேல் பொடியாக 'சுயம்' என்று எழுதி
ஒருமுறை ஊதினார்.
"அடுத்த வாரம் வாங்க. மேலே கேக்கணும்."

லாங் பஜார் மணிக்கூண்டில் போன யுத்தத்தின் கல்:
இந்த ஊரிலிருந்து போன ஆண்கள் இருநூற்று எழுபத்தேழு,
உயிர் கொடுத்தவர் பதினாலு.
இந்த யுத்தத்துக்கு இன்னும் கல் வரவில்லை.
வெங்காய வண்டிக்காரன் அதன்மேல் சாக்கைக் காயப்போட்டிருந்தான்.

அங்கேதான் என் செருப்பு வார் அறுந்தது.
பக்கத்திலேயே தைக்கிறவர்.
புது வாரை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.
ஒரு வாடையும் இல்லை.

"நல்ல தோலெல்லாம் சண்டைக்குப் போயிடுச்சும்மா," என்றார்.
"இது ரெண்டு மாசம் வந்தாலே அதிகம்."

"தைங்க," என்றேன்.