ஏழாயிரம்

"மலையைத் தாண்டும்வரை ஏழாயிரத்துக்குக் கீழே வேண்டாம்"
என்றது கமலாபுரம் டவர்.
ஏழாயிரம் என்று
நானேதான் திருப்பிச் சொன்னேன்.

அப்புறம் கேபினிலிருந்து மணி.
பதினொன்றாம் வரிசைக்காரர்
ஏற்காடு எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்கிறாராம்.
இடப்பக்கம் என்றார் கேப்டன் செரியன்.
வலப்பக்கம் சார், நான் அஸ்தம்பட்டிக்காரி என்றேன்.
சிரித்தோம்.
ஊசி மட்டும்
சிரிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"உயரம் சொல்லுங்கள்."

ஆறாயிரத்து நானூறு.
சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
அவர் கை அதற்குள் மூக்கைத் தூக்கிவிட்டது.

மேகம் ஒரு கணம் கிழிந்தது.
தகரக் கூரை, கொடியில் காயும் சட்டை,
அதன் மஞ்சள்கூடத் தெரிந்தது.
மலை எந்தப் பக்கமும் இல்லை.
அடியில்.

கதவருகே அந்தப் பதினொன்றாம் வரிசைக்காரர்
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்:
"இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லைம்மா."